வன்செயலும் அதன் முன்குறிகளும்

எறும்பு முட்டை சுமந்து மேட்டை நோக்கி ஏறக் கண்டால் மழை அணித்தென்பதை நம் நாட்டு உழவர் அறிவர். ஆற்றுநீர் கலங்கிச் செந்நிறங் கொண்டால் மேற்கே வெள்ளம் புறப்பட்டதென்பதைக் கரையோரத்தார் அறிவர். ஆயினும், மனிதன் மனிதனைத் தாக்கி வீழ்த்தினான் என்னும் செய்தி வரும்போது மட்டும், ‘எவரும் எதிர்பாராத வண்ணம் நேர்ந்துவிட்டது’ என்று கூறி அமைகின்றோம். இக்கூற்று பெரும்பான்மையும் மெய்யன்று. வன்செயல் முன்னறிவிப்பின்றி வருவது அரிது. அது படிப்படியாக ஏறி வருகின்றது. ஏறுந்தோறும் தன் வரவைத் தானே புலப்படுத்துகின்றது. அக்குறிகளை அறியும் வகை யாது, அறிந்தபின் செய்யத் தக்கது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெருந்துறைக் கதை

புதுக்கோட்டை ஜில்லாவில் அறந்தாங்கிக்குத் தெற்கேயுள்ள ஆவுடையார்கோவிலைப் பலரும் அறிவர். 1974ம் ஆண்டு புதுக்கோட்டை தனி ஜில்லாவாகும் வரை அவ்வூர் தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. திருப்பெருந்துறை என்பது அதன் பழம்பெயர். அங்குள்ள ஆத்மநாதர் கோயிலில் ஆவுடையார் மட்டும் உண்டு. அதன்மேல் இலிங்கம் இல்லை. அதனாலேயே ஊர் இப்பெயர் பெற்றது. திருவாசகம் பாடிய மாணிக்கவாசகர் குருவருள் பெற்ற தலம் அதுவே. திருவாசகம் முழுவதையும் ஜி. யு. போப் ஐயர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900ம் ஆண்டு வெளியிட்டாராதலின், மிஷன் கல்லூரி மாணாக்கருக்கும் அவ்வூரின் பெயர் புதியதன்று.

மாணிக்கவாசகர் பாண்டியனுடைய அமைச்சர். குதிரை வாங்குமாறு அரசன் கொடுத்த பெரும்பொருளைப் பெருந்துறையில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்று புராணங் கூறும். அரசன் முதலில் ஓலை விடுத்தான்; அமைச்சர் திரும்பி வந்து, குதிரைகள் வரும் என்று நாட்குறித்துச் சொன்னார். ஐயம் வளர்ந்தபோது கடுஞ்சொல் பிறந்தது. பின்னர் ஏவலாளரிடம் ஒப்புவித்து வருத்தச் செய்தான். வந்த குதிரைகள் இரவில் நரிகளாயின. அதன்மேல் அமைச்சரை வைகையின் சுடுமணலில் நிறுத்தினான். ஆறு பெருக்கெடுத்தது; கரை அடைக்கும் வேலை தொடங்கிற்று. வந்தி என்னும் கிழவிக்காகப் பிட்டைக் கூலியாகப் பெற்று மண்சுமக்க வந்த ஆள் வேலை செய்யாது விளையாடக் கண்டு, அரசன் தன் கையாலேயே பிரம்பெடுத்து அடித்தான். வந்த ஆள் இறைவன் என்பதும், அந்த அடி அரசன் உட்பட எல்லாருடைய முதுகிலும் பட்டது என்பதும் கதையின் முடிவு.

அடியார் இக்கதையில் காணும் பொருள் வேறு. ஈண்டு நாம் அரசனது சினத்தை மட்டும் கருதுவோம். அவன் சினத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. பொருள் அரசாங்கத்துப் பொருளே. எனினும் ஓலையாகத் தொடங்கிய அச்சினம் சொல்லாகி, காவலாகி, சித்திரவதையாகி, முடிவில் அப்பொருளோடு யாதொரு தொடர்புமில்லாத ஒரு கூலியாளின் முதுகில் இறங்கிற்று. வன்செயலின் இயல்பு இங்கே நன்கு விளங்குகின்றது. அது படியேறி வளரும். நியாயமான குறையிலிருந்தும் பிறக்கும். பிறந்தபின் குற்றமுடையார், குற்றமற்றார் என்னும் வேறுபாட்டை இழக்கும்.

வன்செயலின் வகைகள்

உலக சுகாதார ஸ்தாபனம் 2002ம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையில் வன்செயலை மூவகையாகப் பிரித்தது. தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளுதல் ஒன்று. குடும்பத்துள்ளும் ஊரிலும் தனிமனிதர் பிறரைத் துன்புறுத்துதல் இரண்டாவது. கூட்டமாகவோ கட்சியாகவோ அரசாகவோ நின்று பிறரை வருத்துதல் மூன்றாவது. உடலைத் தாக்குதல், பெண்மைக்கும் மானத்துக்கும் ஊறு விளைத்தல், மனத்தை வருத்துதல், உணவும் பராமரிப்பும் மறுத்தல் என்று அதன் தன்மையும் நால்வகைப்படும். 2005ம் ஆண்டு இயற்றப்பெற்று 2006ம் ஆண்டு அமலுக்கு வந்த, குடும்ப வன்செயலினின்றும் பெண்களைக் காக்கும் இந்தியச் சட்டம், வசைமொழியையும் பொருளாதார நெருக்கடியையும் வன்செயலென்றே கொள்கின்றது. ஆகவே, கை ஓங்கிய பிறகே வன்செயல் தொடங்குகின்றது என்று கருதுவது பிழை.

இன்னொரு பிரிவையும் மாணாக்கர் அறிதல் நலம். ஆத்திரத்தில் நிகழ்வது ஒன்று. ஆய்ந்து சூழ்ந்து செய்வது மற்றொன்று. முன்னதில் உடல் கொதிக்கும், குரல் உயரும். சிறிது பொழுது கடந்தால் வேகம் தணியும். பின்னதில் ஆரவாரம் இராது. முகம் அமைதியாகவும் இருக்கலாம். ஆனால் அது நாள் குறிக்கும், ஆள் தேடும், கருவி சேர்க்கும். முன்னதன் குறிகள் உடலில் தோன்றும். பின்னதன் குறிகள் பேச்சிலும் நடத்தையிலும் தோன்றும். ஒன்றன் குறியை மற்றொன்றில் தேடுவோர் ஏமாறுவர்.

சினம் பிறக்கும் இடம்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வெகுளிக்கு நான்கு காரணங்களை வகுத்துள்ளது. உறுப்பைச் சிதைத்தல், குடும்பத்துக்குக் கேடு சூழ்தல், அலைத்து வருத்துதல், கொலை என்பவை அவை. இவற்றுள் கொலை என்பதற்கு, ஒருவனுடைய அறிவையும் புகழையும் கொன்றுரைத்தல் என்று பழைய உரை பொருள் கூறுகின்றது. உயிரைக் கொல்லாது பெயரைக் கொல்லும் சொல்லும் வெகுளிக்கு வித்து என்பது இதன் கருத்து. அமெரிக்கச் சிறைச்சாலைகளில் மனநோய் மருத்துவராகப் பல்லாண்டு பணிபுரிந்த ஜேம்ஸ் கில்லிகன், 1996ம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதனையொத்த முடிவுக்கே வந்தார். கொடிய குற்றம் செய்தவர்களோடு பழகிய அவர், அவர்களுடைய செயலுக்கு அடியில் அவமானவுணர்ச்சி கிடப்பதைக் கண்டார். வகுப்பறையில் ஒருவனைப் பலர் முன்னிலையில் இழித்துரைத்து நகைப்பது சிறு விளையாட்டன்று என்பதை இதனால் உணர்தல் வேண்டும்.

உடலில் தோன்றும் குறிகள்

திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் ஒரே பெயரால் பொருட்பாலில் ஓரதிகாரமும் காமத்துப்பாலில் ஓரதிகாரமும் அமைத்தார். உள்ளத்து மிகுந்ததை முகம் முந்திக் காட்டும் என்பது அவர் கொள்கை. ஆவுடையார்கோவில் மண்டபத்தில் ஓங்கி நிற்கும் வீரபத்திரர் சிலைகளைச் செதுக்கிய சிற்பியரும், சினம் முகத்தில் மட்டுமன்றி உடல் முழுவதிலும் உறைவதை அறிந்தவரே.

ஆத்திரம் எல்லை கடக்குமுன் காணப்படுபவை இவை: தாடை இறுகுதல், கைவிரல் மடங்கி முட்டியாதல், முகம் சிவத்தல் அல்லது வெளிறுதல், மூச்சு விரைதல், ஓரிடத்தில் நில்லாது முன்னும் பின்னும் நடத்தல், இமையாது வெறித்தல், பேசுபவரை நெருங்கி நெருங்கி வருதல், மேஜை, கதவு முதலியவற்றை அறைதல், உரத்துப் பேசியவன் திடீரென்று மௌனமாதல். இவற்றுள் ஒன்று மட்டும் தோன்றினால் அச்சங்கொள்ள வேண்டுவதில்லை. பல சேர்ந்து, ஒன்றன்மேலொன்று ஏறி வருமாயின், அதுவே எச்சரிக்கை.

ஆதியாகமத்தில் முதற் கொலைக்கு முன்னரும் இக்குறி கூறப்பட்டுள்ளது. தன் காணிக்கை ஏற்கப்படாமையால் காயீனின் முகம் வேறுபட்டது. அவன் தம்பியின்மேல் கைவைக்குமுன்னரே, ஏன் உன் முகம் இவ்வாறாயிற்று என்னும் கருத்தில் அவனிடம் வினவப்படுகின்றது. வினாவுக்கு அவன் விடையளித்ததாக அங்கே இல்லை. குறியைக் கண்டவர் வினவுதல் வேண்டும் என்பதும், வினாவுக்கு விடை வாராமையே மற்றொரு குறி என்பதும் நாம் கொள்ளத்தக்கவை.

பேச்சிலும் நடத்தையிலும் தோன்றும் குறிகள்

சூழ்ந்து செய்யும் வன்செயலுக்கு முன் பெரும்பாலும் மூன்றாம் மனிதரிடம் செய்தி கசிகின்றது. ‘பார்த்துக்கொண்டே இரு, அவனுக்கு என்ன நடக்கிறதென்று’ என்பது போன்ற சொல் நண்பர் காதில் விழுகின்றது. இக்காலத்தில் கைத்தொலைபேசியிலும் எழுதப்படுகின்றது. ஒருவரையே இடைவிடாது எண்ணுதல், அவர் செல்லும் வழியைத் தொடர்தல், பழைய குறையை நாள்தோறும் புதுப்பித்துப் பேசுதல், இனி வேறு வழியில்லை என்னுதல், ஆயுதத்தின்மேல் புதிதாக ஆசை கொள்ளுதல், முன்பு நிகழ்ந்த கொலையைப் புகழ்தல், குடியில் மிகுதல் ஆகியவை ஏனைய குறிகள்.

அமெரிக்கப் பள்ளிகளில் 1974 முதல் 2000 வரை நிகழ்ந்த 37 தாக்குதல்களையும், அவற்றைச் செய்த 41 பேரையும் அந்நாட்டு இரகசியப் பாதுகாப்புத் துறையும் கல்வித் துறையும் ஆராய்ந்து 2002ம் ஆண்டு அறிக்கை வெளியிட்டன. நூற்றுக்கு 81 நிகழ்ச்சிகளில், வேறொருவரேனும் முன்னரே செய்தியறிந்திருந்தனர். தாக்கியோருள் நூற்றுக்கு 93 பேர், பிறர் கவலைகொள்ளத்தக்க நடத்தையை முன்னரே காட்டியிருந்தனர். இன்ன தோற்றமுடையான், இன்ன குடும்பத்தான் தாக்குவான் என்று சொல்லத்தக்க உருவம் எதுவும் கிடைக்கவில்லை. அறிந்தவர் பெரும்பாலும் உடன் பயிலும் மாணாக்கர். அவர்கள் பெரியவர்களிடம் சொல்லாமையே குறை.

தன்னைத்தானே அழித்துக்கொள்ள எண்ணுபவரிடத்தும் குறிகள் உண்டு. தான் பிறருக்குப் பாரம் என்னுதல், விரும்பிய பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுதல், நெடுநாள் துயரத்துக்குப்பின் காரணமின்றித் திடீரென்று அமைதியுறுதல் என்பவை அவற்றுட் சில. இவரை நேரே வினவினால் அவ்வெண்ணம் வளரும் என்பது வீணான அச்சம். அன்போடு வினவுதல் அவருக்கு ஆறுதலே தரும்.

நம் நாட்டில் நிகழ்ந்தவை

1996ம் ஆண்டு நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் மூத்த மாணவனொருவனால் கொல்லப்பட்டார். புதிய மாணவரை ஏவி இழிவுபடுத்தும் ராகிங் வழக்கம் எங்கே கொண்டுவிடும் என்பதைத் தமிழ்நாடு அன்று கண்டது. 1997ம் ஆண்டு அதனைத் தடுக்கும் சட்டம் நம் மாகாணத்தில் இயற்றப்பட்டது. 2009ம் ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகள் வகுத்தது. ஏவல், இழிசொல், மறுத்தவன்மேல் சினம், பின் உயிர்க்கேடு என்னும் படிகளுள் முதலிரண்டையும் வேடிக்கையென்று பெரியோர் விட்டமையாலன்றோ ஏனையவை விளைந்தன!

2023ம் ஆண்டு ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில் நிகழ்ந்தது இதனினும் அண்மையது. பன்னிரண்டாம் வகுப்பில் பயின்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவனொருவன், உடன் பயின்ற சிலர் சாதியைக் காட்டி ஏவி வருத்தியமையால் பள்ளிக்கு வாராது நின்றான். ஆசிரியர் உசாவியபோது உண்மை வெளிப்பட்டது, புகாரும் எழுதப்பட்டது. 9ந்தேதி இரவு அவர்கள் அரிவாளோடு வீட்டினுட் புகுந்து அவனை வெட்டினர். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினர். அரசாங்கத்தார் நீதிபதி கே. சந்துரு அவர்கள் தலைமையில் ஒருநபர்க் குழு அமைத்தனர். பள்ளிகளில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு முதலிய அடையாளங்களை விலக்க வேண்டுமென்பது உள்ளிட்ட பரிந்துரைகளோடு, அவர் 2024ம் ஆண்டு ஜூனில் அறிக்கை அளித்தார்.

இந்நிகழ்ச்சியில் முதற்குறி யாது? தாக்கியவரின் முகத்தில் தோன்றியதன்று. தாக்கப்பட்டவன் வகுப்பில் இல்லாமையே அது. துன்புறுத்துவோனிடத்து மட்டுமன்றித் துன்புறுவோனிடத்தும் குறி தேட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும். இரண்டாவது பாடம் இதனினும் பெரியது. புகார் எழுதப்பட்டபின் அபாயம் குறைந்துவிடவில்லை, மிகுந்தது.

குடும்பத்திலும் இஃது உண்மையென்பதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். அமெரிக்கச் செவிலியப் பேராசிரியை ஜாக்குலின் காம்ப்பெல் என்பார், கணவனால் துன்புறும் பெண்ணின் உயிருக்கு உள்ள அபாயத்தை அளக்க ஒரு வினாப்பட்டியல் வகுத்தார். கழுத்தை நெரித்தமை, கொல்வேனென்று மிரட்டியமை, ஆயுதம் காட்டியமை, ஐயங்கொண்டு எந்நேரமும் வேவு பார்த்தமை என்பவை அதில் பெருங்குறிகள். அப்பெண் பிரிந்து செல்லத் துணியும் காலமே மிகுந்த அபாயமுடையது என்பதும் அவருடைய ஆராய்ச்சியிற் புலனாயிற்று. ‘புறப்பட்டுவிட்டாள், இனிக் கவலையில்லை’ என்று உற்றார் எண்ணும் நாளிலேயே காவல் மிக வேண்டும்.

பொய்க்குறிகள்

குறியறிதல் ஒரு கருவி. தவறான கையில் அதுவே கொடுமையாகும். 1871ம் ஆண்டு வடநாட்டில் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911ம் ஆண்டுச் சட்டத்தின்வழிச் சென்னை மாகாணத்துக்கும் பரவிற்று. செய்த செயலை நோக்காது, பிறந்த குடியை நோக்கிப் பல சாதியாரைக் குற்றவாளிகளென்று அது பதிவு செய்தது. ஆடவர் இரவில் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சென்று படுக்க வேண்டியிருந்தது. கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920ம் ஆண்டு ஏப்ரல் 3ந்தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பலர் மாண்டனர். அச்சட்டத்தின்கீழ் அமைந்த குடியிருப்புகளுட் சிலவற்றை இரட்சணிய சேனை போன்ற கிறிஸ்தவ சபைகளும் நடத்தினவென்பதை நாம் மறத்தலாகாது. 1947ம் ஆண்டு சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. வன்செயலைத் தடுக்க வந்ததாகச் சொல்லப்பட்ட சட்டமே வன்செயலாயிற்று. காரணம், அது பிறப்பைக் குறியாகக் கொண்டமையே.

அதுபோலவே, மனநோயுடையாரைக் கண்டு அஞ்சுவதும் பொருந்தாது. அவருட் பெரும்பாலோர் எவரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படுவதே அவருக்கு மிகுதி. தனித்திருப்பவன், ஏழை, கறுத்தவன், வேற்று மொழியான் என்பவையும் குறிகளல்ல. சொல், செயல், அவற்றின் மாற்றம், இம்மூன்றே குறிகள். குறி தீர்ப்பன்று என்பதையும் மறவாதிருத்தல் வேண்டும். குறி கண்டோர் செய்யத் தக்கது விசாரித்தல், தண்டித்தலன்று.

செய்யத் தக்கவை

எதிரே ஒருவன் ஆத்திரத்தில் நிற்பானாயின், இரண்டு கை நீளத்துக்கு மேல் விலகி நிற்க. அவன் வெளியேறும் வழியை மறியாது, உம்முடைய வழியையும் காத்துக்கொள்க. தொடாதிருக்க, குரலைத் தாழ்த்திச் சுருங்கப் பேசுக. நியாயத்தை நிலைநாட்டும் வேளை அதுவன்று. சூழ்ந்து வேடிக்கை பார்ப்போரை விலக்குக. பலர் பார்க்கப் பின்வாங்குதல் எவனுக்கும் அரிது. ஆயுதம் கண்டால் வீரம் காட்டாது அகன்று, 112 என்னும் எண்ணுக்கு அறிவிக்க.

முன்கூட்டியே குறி கண்டோர், நம்பத்தக்க ஆசிரியரிடமோ விடுதிக் காப்பாளரிடமோ பெற்றோரிடமோ கூறுக. ‘எவரிடமும் சொல்லாதே’ என்று நண்பன் கேட்டாலும், உயிர்க்கேட்டை மறைப்பதாக வாக்களியாதிருக்க. நாளும் சொல்லும் இடமும் குறித்து வைக்க. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, மனத்துயருற்றோருக்கு 14416, ராகிங் கொடுமைக்கு 1800-180-5522 என்னும் எண்கள் உதவி செய்கின்றன.

புகார் பெறுவோருக்கும் ஒரு கடமை உண்டு. தாளை வாங்கிக் கோப்பில் இட்டதோடு பணி முடிவதில்லை. முறையிட்டவன் அன்றிரவு எங்கே உறங்குவான், எவ்வழியே வீடு செல்வான், யாருடைய பெயர் யாருக்குத் தெரியவந்தது என்று வினவி, வேண்டுமாயின் போலீஸாருக்கும் அறிவித்து, அவனுக்குக் காவல் செய்தபின்னரே எதிர்த்தரப்பாரை அழைத்தல் வேண்டும். அவரையும் பலர் முன் இழிவுபடுத்தாது, தனியே அழைத்து, அவருடைய குறையையும் கேட்டறிதல் வேண்டும். அவமானம் வன்செயலின் வித்தாயின், அவமானத்தால் அதனைத் தடுக்கவியலாது.

மாணாக்கருக்கு இதனைச் சொல்லி முடிக்கலாம். இவ்வாண்டு உங்கள் வகுப்பில் ஒருவன் நான்கு நாள் வாராது நின்றால், வருகைப் பதிவேட்டில் குறியிட்டதோடு அமையாதீர்கள். அவன் அறைக்கோ வீட்டுக்கோ இருவர் செல்லுங்கள். ஏன் வரவில்லை என்று வினவுங்கள். அவன் முகம் வேறுபட்டு விடை கூறாதிருப்பானாயின், அவனருகே அமர்ந்து, மீண்டும் வினவுங்கள்.